ஷீல்டில் ஸ்பின்டில் என்று எழுதிய பின்னில் ஸ்பின்டில் இல்லை: என் அனுபவம்

ஆர்டுயினோ ஊனோ கண்ட்ரோலர் போர்டு, அதன் மேல் வயர்களை இணைக்கும் சிஎன்சி ஷீல்டு வி3, உள்ளே மெஷினை ஓட்டும் ஜிஆர்பிஎல் 1.1 மென்பொருள். வீட்டு சிஎன்சி மெஷினில் (கம்ப்யூட்டர் கட்டளைப்படி மரம் வெட்டுவது) இதுவரை வெட்டும் ரௌட்டரைக் கையால் ஆன் செய்துதான் ஓட்டிக்கொண்டிருந்தேன். போன மாதம் 1.5 கிலோவாட் ஸ்பின்டிலும் (வெட்டும் பிட்டைச் சுற்றும் மோட்டார்) அதன் வேகத்தை மாற்றும் விஎஃப்டியும் வந்தன. எம்3 (ஸ்பின்டிலைச் சுற்றச் சொல்லும் கட்டளை) கொடுத்தால் தானாகச் சுற்ற வேண்டும், அவ்வளவுதான் ஆசை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை அதிலேயே போயின.

ஷீல்டில் ‘ஸ்பின்டில் எனேபிள்’ என்று அச்சிட்ட பின் இருக்கிறது. அங்கேதான் வயரைச் சொருகினேன். எம்3 எஸ்12000 (12000 ஆர்பிஎம்மில் சுற்று) அனுப்பினாலும் எம்5 (நிறுத்து) அனுப்பினாலும் மல்டிமீட்டர் அதே 5 வோல்ட்டைக் காட்டியது. போர்டு போய்விட்டது என்றே நினைத்தேன்.

விஷயம் வேறு. அந்த ஷீல்டு ஜிஆர்பிஎல் 0.8 காலத்து வரைபடம். அப்போது இசட் லிமிட் சுவிட்ச் (மேல்-கீழ் நகர்வின் எல்லையைக் காட்டும் எண்ட்ஸ்டாப்) 11-ஆம் பின், ஸ்பின்டில் 12. பிறகு 0.9-ல் வேகத்தை மாற்றும் வசதி வந்தபோது அதற்கு பிடபிள்யூஎம் (வேகமாக ஆன்-ஆஃப் ஆகி அளவைச் சொல்லும் சிக்னல்) தரும் பின் தேவைப்பட்டது. ஊனோவில் 12-க்கு அது கிடையாது, 11-க்கு உண்டு. அதனால் இரண்டையும் இடம் மாற்றினார்கள், ஷீல்டில் அச்சிட்ட பெயர்கள் மட்டும் பழையபடி நின்றுவிட்டன. நான் பார்த்த 5 வோல்ட், லிமிட் சுவிட்சுக்கான புல்அப் (சுவிட்ச் தொடப்படாதபோது பின்னை 5 வோல்ட்டில் வைத்திருப்பது). வயரை ‘இசட்’ எண்ட்ஸ்டாப்புக்கு மாற்றியதும் மீட்டர் அசைந்தது. இசட் சுவிட்ச் வைத்திருப்பவர்கள் அதை ‘ஸ்பின்டில் எனேபிள்’ பின்னுக்குக் கொண்டுபோக வேண்டும்.

அடுத்தது வேகம். விஎஃப்டி எதிர்பார்ப்பது 0-10 வோல்ட், போர்டு தருவது 5 வோல்ட் பிடபிள்யூஎம். நடுவில் ஒரு கன்வர்ட்டர் மாட்யூல் போட்டேன். ஜிஆர்பிஎல்லில் அதிகபட்ச வேகத்தைச் சொல்லும் $30 செட்டிங் தொடக்கத்தில் 1000 என்று இருக்கும். அதை 24000 ஆக்காவிட்டால் எஸ்1000-க்கு மேல் எது கொடுத்தாலும் முழு வேகம்தான். மாற்றிவிட்டு எஸ்24000 அனுப்பினேன், மாட்யூலில் 8.6 வோல்ட்தான் வந்தது. நீலப் பெட்டி போல இருக்கும் டிரிம்பாட்டின் பித்தளைத் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி 10-க்குக் கொண்டுவந்தேன். எஸ்12000-க்கு 5 வோல்ட், 200 ஹெர்ட்ஸ். அந்த எண் விஎஃப்டி திரையில் வந்து நின்றபோது வந்த சந்தோஷத்தை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஒன்று மட்டும் கவனமாக இருங்கள். விஎஃப்டியை ஓடச் சொல்லும் ரன் முனையங்களை ஒரு துண்டு வயரால் நிரந்தரமாக ஷார்ட் செய்து வைத்திருந்தேன். ஏர்கூல்டு மோட்டார் மெதுவாகச் சுற்றினால் சூடாகும் என்று விஎஃப்டியின் குறைந்தபட்ச வேகத்தை 120 ஹெர்ட்ஸில் வைத்திருந்தேன். எம்5 கொடுத்தேன், 7200 ஆர்பிஎம்மில் சுற்றிக்கொண்டே இருந்தது. வயரை எடுத்துவிட்டு, ஜிஆர்பிஎல்லில் 13-ஆம் பின்னை எனேபிளாக (ஸ்பின்டிலை ஆன்-ஆஃப் செய்யும் பின்) மாற்றி கம்பைல் செய்து, ரன் முனையங்களுக்கு ஒரு ரிலே வைத்தேன். ஆனால் ஊனோ ரீசெட் ஆகும்போது 13-ஆம் பின் எல்இடி மினுக்கும், ரிலேயும் கூடவே அடிக்கும். அதனால் கம்ப்யூட்டரில் கனெக்ட் ஆன பிறகுதான் விஎஃப்டியை ஆன் செய்கிறேன்.

•••

அண்ணா, உங்கள் பதிவைப் படித்தேன். எனக்கு வயரிங் சரியாகவே இருந்தது. ஸ்பின்டில் கிளம்பியதும் அலாரம் 1 (லிமிட் சுவிட்ச் தொடப்பட்டது என்ற எச்சரிக்கை) வந்து மெஷின் நின்றுவிடும், ஆனால் எந்த லிமிட் சுவிட்சும் தொடப்படவில்லை. ஸ்பின்டில் கேபிளும் சுவிட்ச் வயரும் ஒரே கேபிள் செயினில் ஓடியதுதான் காரணம். பிரித்து ஓட்டினேன், ஸ்பின்டிலுக்கு உலோக உறை போட்ட ஷீல்டு கேபிள் போட்டு எர்த் செய்தேன், சுவிட்ச் பின்களில் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வைத்தேன். அப்புறம் ஒரு தடவைகூட வரவில்லை.

•••

என் அனுபவமும் ஒன்று: முன்பு லேசர் மாட்டியிருந்தவர்கள் $32-ஐ (லேசர் மோடை ஆன்-ஆஃப் செய்யும் செட்டிங்) பாருங்கள். நான் 1-லேயே விட்டுவிட்டேன். லேசர் மோடில் ஜி0 (வெட்டாமல் வேகமாக நகரும் கட்டளை) வரும்போதெல்லாம் பிடபிள்யூஎம் பூஜ்யமாகிவிடும். பிட் மேலே தூக்கியதும் வேகம் விழுந்து, மறுபடி முழுதாக ஏறுவதற்குள் பிளைவுட்டில் இறங்கியது. 3 மில்லிமீட்டர் எண்ட்மில் இரண்டு உடைந்த பிறகுதான் $32=0 போட்டேன்.