டிப்பர் அடிச்சு தம்பிக்கு கால் முறிஞ்சிட்டுது, முதலாளியின்ர ஆக்கள் கையெழுத்து கேக்கினம், ஆரிட்ட போறது?

விசுவமடு அக்கா:
எல்லாருக்கும் வணக்கம், அவசரமா ஒரு உதவி வேணும். என்ர தம்பி பரந்தன் பக்கம் ஒரு அரிசி ஆலையில வேலை, பின்னேரம் வேலை முடிஞ்சு மோட்டார் சைக்கிள்ல முல்லைத்தீவு ரோட்டால வீட்ட வரேக்க தருமபுரம் தாண்டி எதிர்ப்பக்கமா வந்த மணல் டிப்பர் முன்னால போன லாண்ட்மாஸ்டரை (ரெண்டு சில்லு உழவு மெசினை) முந்திறன் எண்டு வெளிய எடுத்து நேர அடிச்சிட்டுது. சனம் 1990க்கு கோல் பண்ணி அம்புலன்ஸ்ல கிளிநொச்சிக்கு கொண்டு போய், அங்க இருந்து யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு மாத்தினவை. துடையெலும்பு முறிவு, கீழ்க்காலுக்கு வெளியால கம்பி பூட்டிக் கிடக்கு, இனி எப்ப நடப்பான் எண்டு டொக்டர்மாரே உறுதியா சொல்லேல்ல. ரெண்டும் சின்னப் பிள்ளையள், மச்சாள் இருந்த நகையையும் அடைவு வைச்சிட்டா.

ட்ரைவரை பொலிஸ் பிடிச்சு கோட்ஸில ஏத்தினவை, பிணையில வந்திட்டான். இப்ப டிப்பர் முதலாளியின்ர ஆக்கள் வார்டுக்கே வந்து கொஞ்சக் காசை நீட்டி ஒரு பேப்பரில கையெழுத்து வைக்கச் சொல்லினம். முழுக்க சிங்களத்தில டைப் பண்ணி, அடியில தம்பியின்ர பேர் மட்டும் தமிழில பேனையால எழுதி, பக்கத்தில முத்திரையும் ஒட்டிக் கொண்டந்தவை. தம்பி சைக்கிளில பின் லைட் எரியேல்லையாம், அதால வழக்குப் போட்டா ஒரு சதமும் கிடைக்காது எண்டும் வெருட்டிப்போட்டு போயிட்டினம். லோயருக்கு குடுக்க எங்களிட்ட காசில்லை. என்ன செய்யிறது?

கோட்ஸடிப் பெடியன்:
அக்கா, முதல்ல அந்தப் பேப்பரில ஒருத்தரும் கையெழுத்து வைக்காதேங்கோ, மச்சாளும் வேண்டாம். உப்பிடியான பேப்பரில அனேகமா "எல்லா நட்டஈடும் பெற்றுக்கொண்டேன், இனி உரித்துக் கோரமாட்டேன்" எண்டு தான் எழுதியிருக்கும். ஆஸ்பத்திரிச் செலவுக்கு தாறம் எண்டு சொல்லி வாங்கிற அந்தக் கையெழுத்தை பிறகு மாவட்ட நீதிமன்றத்தில தூக்கிக் காட்டுவினம். பேப்பரை போனில போட்டோ எடுத்து வைச்சிருக்கிறியளோ? இல்லாட்டி அடுத்தமுறை வரேக்க எடுங்கோ.

கன சனம் குழம்பிற இடம் ஒண்டு இருக்கு. இப்ப நீதவான் நீதிமன்றத்தில நடக்கிறது பொலிஸ் ட்ரைவருக்கு எதிரா போட்ட வழக்கு. அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டப்பணம் கட்டினா அந்தக் காசு அரசாங்கத்துக்கு தான் போகும். நீதவான் நட்டஈடு குடுக்கச் சொல்லியும் கட்டளை போடலாம், ஆனா தம்பியின்ர கால், உழைப்பு, இனி வரப்போற வைத்தியச் செலவு எல்லாத்துக்கும் சேத்து கேக்கிறதெண்டா மாவட்ட நீதிமன்றத்தில வேற சிவில் வழக்கு போட வேணும். அதுக்கு விபத்து நடந்த நாளில இருந்து 2 வருசம் தான் தவணை, அது 1871ம் ஆண்டு காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தில இருக்கு. பொலிஸ் வழக்கு முடியட்டும் பிறகு பாப்பம் எண்டு இருந்து இருந்து தவணை கடந்து போன குடும்பங்கள் எங்கட பக்கம் எத்தினை! அந்த வழக்கு எவ்வளவு இழுபட்டாலும் இந்த 2 வருசம் நிக்காது.

லோயர் காசுக்கு யோசிக்காதேங்கோ. சட்ட உதவி ஆணைக்குழு எண்டு 1978ம் ஆண்டு சட்டத்தால வந்த அரச நிறுவனம் இருக்கு, வருமானம் குறைஞ்ச ஆக்களுக்கு சட்டத்தரணி வைச்சு வழக்கு பேசிக் குடுப்பினம். கிளிநொச்சியிலயும் கிளை இருக்கு, கோட்ஸடியில ஆரைக் கேட்டாலும் காட்டுவினம். ஜிஎஸ்ஸிட்ட (கிராம சேவகரிட்ட) வருமானக் கடிதம் ஒண்டு எடுத்து, அடையாள அட்டை, பொலிஸ் முறைப்பாட்டுத் துண்டு, ஆஸ்பத்திரிக் காகிதங்களோட போங்கோ.

விசுவமடு அக்கா:
கோடி நன்றி தம்பி. அந்த லைட் கதை தான் மனசை அரிச்சுக்கொண்டு இருக்கு. பின் லைட் பழுது எண்டது உண்மை தான். அப்ப ஒண்டும் கிடைக்காதோ?

கோட்ஸடிப் பெடியன்:
ஆர் சொன்னது? 1968ம் ஆண்டின்ர 12ம் இலக்கச் சட்டம் இருக்கு. அடிபட்டவரிட்டயும் பிழை இருந்தா அந்தப் பங்குக்கு ஏத்த மாதிரி நட்டஈட்டைக் குறைக்கலாமே தவிர முழுசா மறுக்கேலாது. அதோட டிப்பர் எதிரில இருந்தெல்லோ வந்தது, முன்னால வாறவனுக்கு பின் லைட் எரிஞ்சா என்ன எரியாட்டி என்ன?

இன்னொண்டு, ட்ரைவரிட்ட என்ன இருக்கப்போகுது எண்டு யோசிக்க வேண்டாம். முதலாளியின்ர வேலையா ஓடேக்க நடந்ததுக்கு முதலாளியும் பொறுப்பு, ரெண்டு பேரையும் எதிராளியாப் போடலாம். டிப்பர் லீசிங்கில எண்டு கதை விட்டாலும் பயப்பிடாதேங்கோ, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில காசு கட்டி பதிவு விபரம் எடுத்தா உரிமையாளர் ஆர் எண்டு வந்திடும். மூன்றாந்தரப்பு இன்சூரன்ஸ் இல்லாம ரோட்டில வாகனம் ஓடேலாது, தீர்ப்பு வந்தா அந்தக் கம்பனி கட்ட வேண்டி வரும். ஆனா வழக்குப் போட முந்தியோ, போட்டு 7 நாளுக்குள்ளயோ கம்பனிக்கு அறிவித்தல் குடுத்திருக்க வேணும். சட்டத்தரணிக்கு தெரியும், எண்டாலும் வாயால ஒருக்கா ஞாபகப்படுத்துங்கோ.

மாங்குளத்து மகள்:
அக்கா உங்கட பதிவை வாசிக்க நெஞ்சு பதறுது, எங்கட அப்பாவையும் ஏ9இல லொறி தான் அடிச்சது. நாங்கள் பட்டதில இருந்து சொல்லுறன். தம்பியின்ர வாக்குமூலத்தை பொலிஸ் எந்த மொழியில எழுதினது? எங்கட அப்பா வார்டில மயக்கத்தோட கிடக்கேக்க சிங்களத்தில எழுதிக் கையெழுத்து வாங்கிப்போட்டினம், அவர் சொல்லாத கதையும் அதுக்குள்ள இருந்தது. தமிழில எழுதச் சொல்லிக் கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு, வடக்கில தமிழ் நிர்வாக மொழி. ஏற்கனவே சிங்களத்தில எழுதினா பிரதி எடுத்து மொழிபெயர்ப்பிச்சுப் பாருங்கோ, பிழையெண்டா மேலதிக வாக்குமூலம் குடுக்கலாம்.

சைக்கிள் இப்ப பொலிஸில தானே நிக்கும்? மோட்டார் பரிசோதகர் பாத்து அறிக்கை எழுதுவார், அதுக்குப் பிறகு விடுவிப்பினம். நாலு பக்கத்தாலயும் போட்டோ எடுங்கோ, சில்லு வளைஞ்ச விதம், டாங்கியில பட்ட டிப்பரின்ர பெயின்ற், உடைஞ்ச ஹெல்மெட் எல்லாம். திருத்தப் போகாதேங்கோ. லாண்ட்மாஸ்டர்காரர் தான் முக்கியமான சாட்சி, ஊராள் எண்டா நேர போய் கதைச்சு பேரும் நம்பரும் எழுதி வையுங்கோ, நாள் போனா சனம் "எனக்கேன் கோட்ஸ் அலைச்சல்" எண்டு விலகிடும். சட்ட வைத்திய அதிகாரி தம்பியைப் பாத்தவரோ எண்டதையும் வார்டில கேளுங்கோ, அவரின்ர அறிக்கை இல்லாம காயம் எவ்வளவு பாரதூரம் எண்டு நிரூபிக்கிறது கஷ்டம். டயக்னோசிஸ் கார்ட், மருந்து பில், ஆஸ்பத்திரிக்கு போய்வந்த வான் பில், ஒண்டும் எறியாதேங்கோ.

ஆனந்தபுரம்:
ஒருத்தரும் சொல்லாத விசயம் ஒண்டு. தம்பி வேலை முடிஞ்சு வீட்ட வரேக்க தானே நடந்தது? தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தை 2022இல திருத்தினவை, வேலைக்குப் போகேக்க வரேக்க நடக்கிற விபத்தும் அதுக்குள்ள வரும், உச்சத்தொகையும் 20 லட்சமாக்கினவை. அது ஆலைக்காரர் குடுக்க வேண்டியது. கடிதம் தராத நாட்கூலி எண்டு சொல்லி ஆலைக்காரர் கழரப் பாப்பினம், சம்பளத் துண்டு, ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) பதிவு, கூட வேலை செய்த ஆக்கள், எது கிடைச்சாலும் சேருங்கோ. தொழில் அலுவலகத்தில கேட்டா விண்ணப்பம் எப்பிடி எண்டு சொல்லுவினம். டிப்பர்காரருக்கு எதிரான வழக்கையும் இதையும் சேத்துக் கொண்டு போறது எப்பிடி எண்டு சட்டத்தரணியோட கதைச்சுப்போட்டு தொடங்குங்கோ.

விசுவமடு அக்கா:
உங்கள் எல்லாருக்கும் எப்பிடி நன்றி சொல்லுறது எண்டு தெரியேல்ல. லாண்ட்மாஸ்டர் ஐயா எங்கட பக்கத்து ஊர் தான், மச்சாளின்ர அப்பா இண்டைக்கு போய் கதைச்சவர், வந்து சொல்லுறன் எண்டிருக்கிறார். திங்கக்கிழமை சட்ட உதவிக்குப் போறம். தம்பி கட்டிலை விட்டு எழும்பேலாதே, அவனுக்குப் பதிலா நான் கையெழுத்து வைக்கலாமோ?

கோட்ஸடிப் பெடியன்:
வழக்காளி அவர் தான், அதால சட்டத்தரணியை நியமிக்கிற புரொக்சியில அவர் தான் கையெழுத்து வைக்க வேணும். கிளிநொச்சிக்கு தூக்கிக்கொண்டு வரத் தேவையில்லை, அந்தப் படிவத்தை நீங்கள் கொண்டு போய் வார்டில வைச்சு வாங்கலாம். என்ன எழுதியிருக்கு எண்டு முழுக்க வாசிச்சுக் காட்டிப்போட்டு வையுங்கோ. நீதவான் வழக்கின்ர இலக்கத்தையும் அடுத்த தவணைத் திகதியையும் பொலிஸில கேட்டு ஒரு துண்டில எழுதிக்கொண்டு வாங்கோ, அண்டைக்கு தம்பி சார்பிலயும் ஒரு சட்டத்தரணி கோட்ஸில எழும்பி நிண்டா நல்லது.