புது அசெம்பிள் சிஸ்டம்: டிராம் லைட் எரியுது, டிஸ்ப்ளே வரல

கேள்வி: ரைசன் 7600 ப்ராசஸர், பி650 மதர்போர்டு, டிடிஆர்5 ரேம் 16 ஜிபி ரெண்டு ஸ்டிக். ஃபேன் எல்லாம் சுத்துது, போர்டுல ரேம் சோதனையைக் காட்டுற டிராம் லைட் மட்டும் அணையல. ரெண்டு நிமிஷம் பார்த்துட்டு ஆஃப் பண்ணிடுறேன். ரேம் போச்சா?

பதில் 1: ஆஃப் பண்றதுதான் சிக்கலே. டிடிஆர்5 ரேம் போட்டா முதல் தடவை போர்டு மெமரி டிரெய்னிங் செய்யும், அதாவது ரேமுக்குச் சரியான செட்டிங்கைத் தேடும், பல நிமிஷம் ஆகும். பாதியில நிறுத்தினா மறுபடி முதல்ல இருந்து. 15 நிமிஷம் தொடாதீங்க.

பதில் 2: அதுக்கு முன்னாடி ரேம் எந்த ஸ்லாட்ல இருக்குன்னு பாருங்க. நாலு ஸ்லாட் போர்டுன்னா ப்ராசஸர் பக்கத்துல இருந்து எண்ணி 2, 4. நிறைய போர்டுல ஒரு பக்கம்தான் கிளிப். மறுமுனை அரைகுறையா நின்னாலும் கண்ணுக்குத் தெரியாது. அழுத்திப் பாருங்க. அப்பவும் வரலேன்னா பவர் கேபிளைக் கழற்றி, போர்டுல இருக்கிற பட்டன் பேட்டரியை 5 நிமிஷம் எடுத்துவெச்சு, திரும்ப மாட்டி, ஒரு ஸ்டிக்கை மட்டும் 2-ல போட்டு ஆன் பண்ணுங்க. எக்ஸ்போ (ரேம் வேகத்தைக் கூட்டுற செட்டிங்) இப்போதைக்கு வேண்டாம்.

கேள்வி: 4-ல இருந்த ஸ்டிக் சரியா இறங்கல! 9 நிமிஷத்துல திரை வந்துடுச்சு. இப்போ 'பூட் டிவைஸ் இல்லை'ங்குது.

பதில் 1: எஸ்எஸ்டி (ஸ்டோரேஜ் டிரைவ்) காலியா இருந்தா அப்படித்தான் சொல்லும். பயாஸ்ல (போர்டோட செட்டிங்ஸ் திரை) எஸ்எஸ்டி பேர் தெரியுதான்னு பாருங்க. தெரிஞ்சா, விண்டோஸ் இன்ஸ்டால் பண்ற பென்டிரைவைச் செருகி, எதுல இருந்து ஆரம்பிக்கணும்னு கேட்கிற பூட் மெனுவுல 'யூஇஎஃப்ஐ'ன்னு ஆரம்பிக்கிறதையே தேர்வு செய்யுங்க.