சமூக இணைய மையம், கணினிப் பயிற்சி மையம் அமைத்தவர்கள்: இன்னும் உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு சம்பவம்

மாலைவகுப்பு

மையம் தொடங்கத் திட்ட அறிக்கை எழுதிக்கொண்டிருக்கும் பலர் இங்கே இருப்பதால் இதைத் தொடங்குகிறேன். மையம் எதற்கு, ஏன் என்ற விளக்கமெல்லாம் வேண்டாம். உங்களை விட்டுப் போகாத ஒரு சம்பவத்தை மட்டும் சொல்லுங்கள்.

என்னுடையது இது. தேவை என்னவென்று கணக்கெடுக்க வீடு வீடாகப் போனோம். படிவம் நிதி தருகிற இடத்திலிருந்து வந்தது, ஒரு வரியைக்கூட மாற்றக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். "மையம் திறந்தால் வருவீர்களா" என்பதற்குக் கிட்டத்தட்ட எல்லோருமே ஆமாம் என்றார்கள், பெண்கள் இன்னும் ஆர்வமாகச் சொன்னார்கள். திறந்த பிறகு காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை நாற்காலிகள் காலி. ஆமாம் சொன்ன ஒரு அம்மாவை வழியில் பார்த்து, ஏன் வரவே இல்லை என்று கேட்டேன். தலையில் இருந்த கட்டை இறக்காமலே நின்று, "வருவீங்களான்னு கேட்டீங்க, வருவேன்னு சொன்னேன். எப்ப வர முடியும்னு யாரும் கேக்கலையே தம்பி" என்றார். அவர் வேலை முடிந்து வீடு திரும்பவே ஆறரை ஆகும். நாங்கள் ஐந்துக்குப் பூட்டிவிடுவோம். நேரத்தை மாற்ற அனுமதி கேட்டு எழுதினோம், பதில் வந்தபோது முதல் கட்டப் பயிற்சியே முடிந்திருந்தது. அந்தக் கட்டின் கனத்தோடு நின்று, கோபம் துளிகூட இல்லாமல் அவர் சொன்ன விதம்தான் என்னை இன்னும் விடவில்லை.

ஜன்னலோரம்

"கட்டிடம் இலவசமாகக் கிடைத்துள்ளது" என்று ஒரு திட்ட அறிக்கையில் பார்த்தாலே எனக்குப் பதறுகிறது. எங்களுக்கும் அப்படித்தான் கிடைத்தது. ஊரில் செல்வாக்கான ஒருவர் தன் வீட்டு முன் அறையைக் கொடுத்தார், மின்சாரமும் அவர் செலவு. குழுவில் எல்லோருக்கும் சந்தோஷம்.

ஒரு நாள் மதியம் ஒரு பெண் பிள்ளை விண்ணப்பம் அச்சிட வந்தாள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள். கதவு திறந்திருக்கிறது, உள்ளே மூன்று கணினி சும்மா இருக்கிறது, அவள் படியில் கால் வைக்கவில்லை. ஜன்னல் பக்கமாகச் சுற்றி வந்து, கம்பிக்கு இடையில் பென்டிரைவை நீட்டினாள். உள்ளே வாம்மா என்றேன். "பரவால்ல சார், இங்கேயே இருக்கேன்." அவள் தெருக்காரர்கள் அந்த வீட்டுக்குள் போனதில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பிழை திருத்த வேண்டியிருந்தது, நான் திரையைப் பார்த்து வாசிக்க, அவள் வெயிலில் நின்றபடி எழுத்து எழுத்தாகத் திருத்தம் சொன்னாள். கணினி கற்க வேண்டிய பிள்ளை கணினியின் முதுகைத்தான் பார்த்தாள்.

எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998ல் புதுச்சேரிப் பக்கம் கிராமங்களில் தகவல் மையம் அமைக்கிற தகவல் கிராமத் திட்டம் தொடங்கியபோது, இடத்தை ஊரே கொடுக்க வேண்டும், அது தலித் மக்கள் உட்பட எல்லோரும் வந்து போகிற இடமாக இருக்க வேண்டும் என்பதை முதல் நிபந்தனையாகவே வைத்தார்கள். கம்பியைப் பிடித்திருந்த அந்தக் கையைப் பார்த்த பிறகுதான் அந்த நிபந்தனையின் எடை எனக்குப் புரிந்தது.

மின்கம்பி

எனக்கு நடந்தது சின்ன விஷயம். கரண்ட் போய்த் திரும்பி வந்தபோது வோல்டேஜ் எகிறியது, எல்லா யூபிஎஸ்ஸும் ஒரே நேரத்தில் கத்த, கடைசி வரிசை சிஸ்டத்திலிருந்து புகை. ஒரு பாட்டி பேரனை இழுத்துக்கொண்டு ஓடினார், அப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை.

திட்டம் போடுகிறவர்களுக்குச் சில விஷயம் சொல்லிவிடுகிறேன். முதலில் எர்த், அதாவது கசிகிற மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்குகிற இணைப்பு. பிளக் பாயிண்ட்டில் மூன்றாவது ஓட்டை இருப்பதாலேயே எர்த் இருக்கிறது என்று அர்த்தமில்லை. எலக்ட்ரீஷியனை மீட்டரோடு கூப்பிட்டு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே அளக்கச் சொல்லுங்கள், இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கணினி வாங்குவதை நிறுத்திவிட்டு அதைச் சரி செய்யுங்கள். அடுத்து, கரண்ட் போனால் ஓட்டுவதற்கான பேட்டரி பேக்கப். பத்து டெஸ்க்டாப், மானிட்டரோடு ஒன்றுக்கு 120 வாட் என்றால் 1200 வாட், மூன்று மணி நேரத்துக்கு 3600 வாட்-மணி. 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி ஏட்டளவில் 1800 வாட்-மணி கொடுக்கும், ஆனால் ஈய அமில பேட்டரியை அடிக்கடி பாதிக்குக் கீழே இறக்கினால் சீக்கிரம் செத்துவிடும், அதனால் 900தான் கணக்கு. நான்கு பேட்டரி, இன்வெர்ட்டர் இழப்பையும் சேர்த்தால் ஐந்தாவதும் வேண்டும். அதே பத்துப் பேருக்கு 40 வாட் லேப்டாப் வாங்கினால் 1200 வாட்-மணி, இரண்டு பேட்டரியில் முடிந்துவிடும், போதாததற்கு லேப்டாப்புக்குள்ளேயே வேறு பேட்டரி இருக்கிறது. திருட்டு பயம் என்பீர்கள், மேசையோடு பூட்டுகிற கேபிள் இருக்கிறது.

இணையம். நொடிக்கு 20 மெகாபிட் லைன் போட்டிருக்கிறோம் என்று எழுதுவார்கள். பத்துப் பேர் ஒரே நேரத்தில் வீடியோ பார்த்தால் அது திணறும், அதற்கு நடுவில் பத்து விண்டோஸும் தனித்தனியாக அப்டேட் இறக்க ஆரம்பித்தால் அன்றைய வகுப்பு போச்சு. விண்டோஸிலேயே இருக்கிற டெலிவரி ஆப்டிமைசேஷன் அமைப்பைப் போட்டுவிட்டால் ஒரு கணினி இறக்கியதை மற்றவை பக்கத்திலிருந்தே எடுத்துக்கொள்ளும். லைன் அறுந்தாலும் வகுப்பு நடக்க வேண்டும் என்றால், இணையம் இல்லாமலே விக்கிப்பீடியா படிக்க விடுகிற கிவிக்ஸ் மென்பொருளைப் போடுங்கள், தமிழ் விக்கிப்பீடியா முழுவதும் ஒரு சின்ன மெமரி கார்டில் அடங்கிவிடும். பாடத்துக்குக் கொலிப்ரி என்ற மென்பொருள் இருக்கிறது, அதுவும் இணையம் இல்லாமல் ஓடும். இரண்டும் இலவசம். இதெல்லாம் யாரும் கேட்கவில்லைதான், ஆனால் அந்தப் பாட்டி ஓடிய ஓட்டத்தைப் பார்த்திருந்தால் நீங்களும் சொல்லுவீர்கள்.

ஒற்றைச்சாவி

மின்கம்பி அண்ணே, நீங்கள் சொன்னது அத்தனையும் எங்களிடம் இருந்தது. எர்த், லேப்டாப், பேட்டரி, கிவிக்ஸ், எல்லாம். ஆள்தான் இல்லை. பயிற்றுநர் சம்பளத்தைத் திட்டத்தில் "தன்னார்வலர்" என்று எழுதிச் சுழியாக்கி வைத்திருந்தார்கள். நன்றாகச் சொல்லித் தருகிற பெண், பிள்ளைகளுக்கு அவர் என்றால் உயிர், சம்பளம் வருகிற வேலை கிடைத்ததும் போய்விட்டார். போகாமல் என்ன செய்வார், அவருக்கும் குடும்பம் இருக்கிறது. கடைசி நாள் சாவியை என்னிடம் கொடுக்கும்போது வருகைப் பதிவேட்டையும் கொடுத்தார். அதில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் பென்சிலில் குறிப்பு: "இவருக்குக் கண் சரியில்லை, எழுத்தைப் பெரிதாக்கி வைக்கவும்", "திட்டினால் மறுநாள் வரமாட்டான்", "மகனுக்கு மெயில் அனுப்பத்தான் கற்கிறார், அதை முதலில் சொல்லிக் கொடுக்கவும்". எந்தப் படிவமும் கேட்காத விவரம் அது. அடுத்து வந்தவர் அந்தப் பதிவேட்டைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை, புதிதாக ஒன்று போட்டார்.

திறந்தவெளி

ஒற்றைச்சாவி, பயிற்றுநர் இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது என்கிற மாதிரி எழுதுகிறீர்கள். 1999ல் டெல்லி கால்காஜியில் சுகதா மித்ரா என்ற ஆய்வாளர் சுவரில் ஓட்டை போட்டு ஒரு கணினியை வைத்தாரே, யாரும் சொல்லித் தராமலே பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள். நாங்கள் வைத்த வெளித்திண்ணைக் கணினியிலும் அதைக் கண்ணால் பார்த்தேன். ஒரு குட்டிப் பெண், கை எட்டாமல், தம்பியைக் குனிய வைத்து அவன் முதுகில் ஏறி நின்று படம் வரைந்துகொண்டிருந்தாள்.

ஒற்றைச்சாவி

படம் வரைந்தாள், சரி. டெல்லியில் வைத்த அந்த மாதிரிக் கணினிகளைப் போய்ப் பார்த்த ஆய்வாளர் மார்க் வார்ஷாவரும் அதையேதான் எழுதினார்: பிள்ளைகள் பெரும்பாலும் பெயிண்ட் மென்பொருளில் வரைகிறார்கள், விளையாடுகிறார்கள், இணையம் சரியாக வேலை செய்யவில்லை, இந்தியில் உள்ளடக்கம் இல்லை. ஆர்வம் தானாக வரும் என்பதை நான் மறுக்கவில்லை. உங்கள் குட்டிப் பெண் அந்தத் திண்ணையிலிருந்து ஒரு விண்ணப்பம் நிரப்புகிற அளவுக்கு வந்தாளா? குனிந்து நின்ற தம்பிக்கு எப்போது முறை வந்தது? முறை வைக்க ஒரு ஆள் வேண்டும், அவருக்குச் சம்பளம் வேண்டும்.

மைத்துளி

சண்டைக்கு நடுவில் என்னுடையதையும் சொல்லிவிடுகிறேன். ஓய்வு பெற்ற ஒரு ஐயா, ஓய்வூதிய நிலுவை பற்றி மனு ஒன்றைத் தானே தமிழில் தட்டச்சு செய்ய வேண்டும் என்று வந்தார். ஒரு விரலால், ஒவ்வொரு எழுத்தாக, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக அடித்தார். கணினி கொடுத்தவர்கள் அதில் பாமினி மாதிரியான பழைய எழுத்துருவை மட்டுமே போட்டிருந்தார்கள். மனுவைப் பென்டிரைவில் அலுவலகத்துக்குக் கொண்டுபோனார், அந்த எழுத்துரு இல்லாத அங்கத்திய கணினியில் திறந்தால் முழுக்க ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கொட்டியது. அங்கே சிரித்திருக்கிறார்கள். அந்தத் தாளை அச்சிட்டே வாங்கிக்கொண்டு வந்து, என் மேசையில் வைத்து, தடவித் தடவி நீவிவிட்டு, "இதுல எந்த எழுத்துப்பா தப்பு, காட்டு, திருத்திடுறேன்" என்றார். ஒரு எழுத்தும் தப்பில்லை என்று அவருக்கு எப்படிப் புரிய வைப்பது? எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரிகிற யூனிகோடுக்கு மாற்றிக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார், ஆனால் கணினியை அவர் அதற்குப் பிறகு நம்பவில்லை.

முப்பத்தொன்று

மைத்துளி சொன்னதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. விலைப்புள்ளி கேட்கும்போதே யூனிகோடு தமிழ், தமிழ்99 விசைப்பலகை, விசை ஒட்டுகள் என்று எழுதிவிடுங்கள். ஆங்கில எழுத்தில் ஒலிப்புப்படி அடிப்பது சுலபம் என்பார்கள். ஆங்கிலம் தெரிந்தவருக்குச் சுலபம். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த ஒருவருக்கு "அம்மா" அடிக்க ஆங்கிலம் ஏன் வேண்டும்? தமிழ்99ல் உயிர் பன்னிரண்டும் இடது கைப் பக்கம், மெய் பெரும்பாலும் வலது கைப் பக்கம், ஆய்தத்தோடு முப்பத்தொன்று, அவ்வளவுதான். க இரண்டு முறை தட்டினால் முதல் க மேல் புள்ளி தானே விழுந்து "க்க" வந்துவிடும். நான் சொல்லிக் கொடுத்த ஒரு அக்கா புள்ளி தானாக விழுந்ததைப் பார்த்து வேலையை விட்டுவிட்டு வீட்டில் உள்ள எல்லோர் பெயரிலும் புள்ளி வருகிறதா என்று அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜன்னலோரம்

முப்பத்தொன்று, இதில் ஒரு பங்குக்கு ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இப்போது வருகிற இளசுகள் கைபேசியில் ஒலிப்பு முறையில் பழகியவர்கள், அவர்களை மாற்றச் சொன்னால் ஓடிவிடுவார்கள். இரண்டையும் வையுங்கள்.

செவிவழி

பார்வையற்ற ஒரு தம்பி, வேறொரு மையத்தில் "உங்களுக்கு இங்கே என்ன வேலை" என்று திருப்பி அனுப்பப்பட்ட பிறகு எங்கள் மையத்துக்கு வந்தார். திரையில் இருப்பதைக் குரலில் வாசிக்கிற என்விடிஏ திரைவாசிப்பான் போட்டோம், அது இலவசம், அதோடு வருகிற ஈஸ்பீக் என்ற குரல் மென்பொருள் தமிழும் வாசிக்கும். இயந்திரத்தனமான குரல்தான். தேவைப்பட்டது ஒரு ஹெட்செட் மட்டும். பெயரை அடிக்கச் சொன்னேன், தட்டுத் தடுமாறி அடித்தார், அது திரும்ப வாசித்தது. ஹெட்செட்டைக் கழற்றி அம்மாவின் காதில் வைத்து, "கேளு, நான் எழுதினது" என்றார். ஒரு ஹெட்செட் வாங்கும் செலவுக்காகத்தான் ஒருவரை வாசலோடு அனுப்பியிருக்கிறார்கள் என்று அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

கரைமேடு

எல்லோரும் கணினி முன்னால் உட்காருகிறவர்களைப் பற்றியே பேசுகிறீர்கள், உட்காரவே போகாதவர்கள்? ஜன்னலோரம் குறிப்பிட்ட அதே புதுச்சேரித் திட்டத்தில், மீனவ ஊரான வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரத் தகவலை எடுத்துக் கடற்கரையில் ஒலிபெருக்கி வைத்து வாசித்தார்கள். கடலுக்குப் போகிறவர் மவுஸைத் தொடவே வேண்டாம். எங்கள் திட்டக் குழுவில் இதைச் சொல்லி ஒலிபெருக்கி கேட்டேன். "அது கணினிக் கருவிகள் பட்டியலில் இல்லை" என்று பதில் வந்தது. அந்த ஒரு வரியை இன்னும் வைத்திருக்கிறேன்.

பேரேடு

நான் பணப் பக்கம் பார்த்தவன். மூன்றாம் ஆண்டு முடிவில் ஒரு மையத்துக்குத் தணிக்கைக்குப் போனேன். அலமாரியைத் திறந்தார்கள், எல்லாக் கணினியும் துடைத்து, நெகிழிப் பையில் கட்டி, ஒட்டு ஒட்டி இருந்தது. கெட்டுப்போனதா என்றால் இல்லை. மின் கட்டணத்துக்குப் பணமில்லை. கணக்கில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை, அதனால் "குறை ஏதுமில்லை" என்றுதான் நான் எழுத முடியும், எழுதினேன். பொறுப்பாளர் அம்மா அந்த வரியை இரண்டு முறை படித்தார்.

கேரள அரசின் அக்ஷயா கணினி மையத் திட்டம் 2002ல் மலப்புரத்தில் தொடங்கியது, வீட்டுக்கு ஒருவருக்காவது கணினி அறிமுகம் என்று. அந்தப் பயிற்சி ஓடும்வரை மையம் நடத்துகிறவருக்கு வருமானம் இருந்தது, முடிந்த பிறகு பல மையங்கள் மூடப்பட்டன. கட்டணம் கட்டுவது, சான்றிதழ் விண்ணப்பம் என்று தினசரி வேலைகளைச் சேர்த்துக்கொண்டவை தாக்குப்பிடித்தன. ஒற்றைச்சாவி, உங்கள் பயிற்றுநர் சம்பளமும் மின்கம்பியின் பேட்டரியும் ஒரே பத்தியில் வர வேண்டியவை. ஈய அமில பேட்டரி மூன்று நான்கு வருடத்தில் மாற்ற வேண்டி வரும், நிதி முடிகிற அதே சமயம். திட்ட அறிக்கை எழுதுகிறவர்கள் நான்காம் ஆண்டுச் செலவுப் பக்கத்தை மட்டும் தனியாக எழுதி இங்கே போடுங்கள், பெயர் வேண்டாம், இடம் வேண்டாம். வார இறுதியில் உட்கார்ந்து வரி வரியாகப் பார்த்துச் சொல்கிறேன்.