டௌபர் தன் மொஸார்ட் குரலை லெஹாரிடம் அடகு வைத்தாரா?

ரெக்கார்டுபெட்டி எழுதியது:

நேற்று ராத்திரி ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஆஸ்திரிய டெனர் (ஆண்களில் மேல் ஸ்தாயிக் குரல்) ரிச்சர்ட் டௌபர் பாடிய இரண்டே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். ஒன்று, மொஸார்ட்டின் ‘டான் ஜொவான்னி’ ஆபராவில் டான் ஒட்டாவியோ என்ற பாத்திரம் பாடும் ‘இல் மியோ தெசோரோ’, 1939 ஒலிப்பதிவு. இன்னொன்று, ஃப்ரான்ஸ் லெஹாரின் ‘புன்னகை நாடு’ ஆபரெட்டாவில் வரும் ‘டைன் இஸ்ட் மைன் கான்ஸஸ் ஹெர்ஸ்’, அதாவது ‘என் இதயம் முழுதும் உனக்கே’. கேட்டு முடித்தபோது சந்தோஷத்தைவிட எரிச்சல்தான் மிச்சம்.

1913 மார்ச் 2, ஜெர்மனியின் கெம்னிட்ஸ் நகர அரங்கில் மொஸார்ட்டின் ‘மந்திரப் புல்லாங்குழ’லின் நாயகன் டமினோவாக அரங்கேறிய 21 வயதுப் பையன். கையோடு டிரெஸ்டன் ஆபராவில் ஐந்து ஆண்டு ஒப்பந்தம். 1920களின் தொடக்கத்தில் ஜெர்மன் பேசும் நாடுகளில் மொஸார்ட் டெனர் என்றால் முதல் வரிசையில் இருந்தவர். அப்படிப்பட்டவர் 34 வயதிலிருந்து 42 வரை, குரல் கனிந்து நிற்கும் காலத்தில், லெஹாரின் காதல் பாட்டுகளுக்குப் போய்விட்டார். ‘பகானினி’, ‘ஸாரெவிச்’, ‘ஃப்ரீடரிகே’, ‘புன்னகை நாடு’ என்று வரிசையாக ஆபரெட்டாக்கள். ராகம் தானம் பல்லவி பாட வேண்டியவர் வருஷக்கணக்கில் துக்கடா பாடிக் கைதட்டல் வாங்கியதை நான் ‘பன்முகத் திறமை’ என்று கொண்டாடத் தயாராக இல்லை.

தாளக்கட்டை எழுதியது:

அண்ணே, துக்கடான்னு சொல்றதுக்கு முன்னாடி ஒரே ஒரு வருஷத்தைப் பாருங்க. 1926 ஜனவரியில பெர்லின்ல ‘பகானினி’ பாடுறார். அதே வருஷம் ஜூலையில டிரெஸ்டன்ல புச்சினியோட ‘துராந்தோத்’ முதல் தடவையா ஜெர்மனிக்கு வருது. நாயகன் காலாஃபாப் பாட வேண்டியவருக்கு உடம்பு சரியில்ல. டௌபரைக் கூப்பிடுறாங்க. மூணு நாள்ல பாடம் பண்ணி மேடை ஏறுறார். அது அவர் குரலுக்குத் தோதான பாத்திரம்கூட இல்ல, கனமான வேஷம். அவசரத்துக்கு ஓடி வர்றதால ‘எஸ்.ஓ.எஸ். டெனர்’னே அவருக்கு ஒரு பேரு உண்டு.

இது எப்படி முடிஞ்சது? அவர் வெறும் பாடகர் இல்ல. ஃப்ராங்ஃபர்ட்ல பியானோ, இசையமைப்பு, கண்டக்டிங் மூணும் படிச்சவர். நொட்டேஷனை எடுத்தா ஆர்கெஸ்ட்ராவோட சேர்த்தே மண்டையில ஓடும். அந்த ஆளுக்கு லெஹாரும் வேணும் புச்சினியும் வேணும்னு இருந்திருக்கு. ஒண்ணை எடுத்தா இன்னொண்ணை விட்டுட்டார்னு கணக்குப் போடுறது நீங்கதான்.

சும்மா_வந்தவன் எழுதியது:

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். ஆபராவுக்கும் ஆபரெட்டாவுக்கும் என்ன வித்தியாசம்? இது தெரியாமல் சண்டையை ரசிக்க முடியவில்லை.

இரவுவானொலி எழுதியது:

ஆபரெட்டாவில் பாட்டுக்கு நடுவே வசனம் பேசுவார்கள், நடனம் இருக்கும், கதை லேசாக இருக்கும் என்பார்கள். ‘மந்திரப் புல்லாங்குழ’லிலும் வசனம் உண்டு, அதை யாரும் ஆபரெட்டா என்பதில்லை. எனவே பாதி வித்தியாசம் அரங்கத்தின் பெயரில்தான் இருக்கிறது. ஆபரா அரங்கில் இன்று ஒன்று, நாளை ஒன்று என்று மாறி மாறி நடக்கும். ஆபரெட்டா சினிமா மாதிரி: ஒரே நாடகம், ஓடும்வரை தினமும்.

கதை லேசு என்பதும் டௌபருக்காக லெஹார் எழுதியவற்றில் செல்லாது. ‘புன்னகை நாடு’ கல்யாணத்தில் முடியவில்லை. சீன இளவரசன் சூ-சோங், தான் காதலித்த வியன்னாப் பெண்ணை ஊருக்கு அனுப்பிவிட்டுத் தனியே நிற்கிறான். இந்தக் கதையின் பழைய வடிவம் ‘மஞ்சள் சட்டை’ என்ற பெயரில் 1923இல் வியன்னாவில் வந்து எடுபடாமல் போனது. 1929 அக்டோபரில் பெர்லின் மெட்ரோபோல் அரங்கில் டௌபர் பாடினார். பிறகு நடந்தது ஊரறிந்த கதை. ‘பகானினி’யும் அப்படித்தான். வியன்னாவில் அவர் இல்லாமல் சோர்ந்து கிடந்தது, பெர்லினில் அவர் வாயால் எழுந்தது.

பஞ்சமம் எழுதியது:

“ஓடும்வரை தினமும்” என்று இரவுவானொலியே சொல்லிவிட்டார். என் ஆட்சேபமும் அங்கேதான். லெஹார் இசை உயர்ந்ததா தாழ்ந்ததா என்ற பேச்சுக்கே நான் வரவில்லை. ஆபரா டெனர் வாரத்தில் இரண்டு, மூன்று நாள் பாடுவார். மற்ற நாள் வாயைத் திறக்கமாட்டார். ஆபரெட்டாவில் தினமும் மேடை, பகல் காட்சி வேறு. போதாததற்கு அந்த ஒரு பாட்டை ஜனங்கள் விடமாட்டார்கள். ஒவ்வொரு ராத்திரியும் மூன்று தடவை, நான்கு தடவை ‘ஒன்ஸ்மோர்’. குரல் என்ன குழாய்த் தண்ணீரா, திறக்கத் திறக்க வருவதற்கு?

விளைவும் தெரிந்ததுதான். 1931இல் லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் இதே ‘புன்னகை நாடு’. தொண்டை கட்டிக்கொண்டு அவர் வராமல் போன நாட்கள் பல. டௌபரைப் பார்க்க வந்த கூட்டம் டௌபர் இல்லை என்றதும் திரும்பிப் போனது, நாடகம் படுத்தது. 1946இல் நியூயார்க்கில் மறுபடி அதே நாடகம், மறுபடி தொண்டை. சில வாரங்களில் மூடினார்கள். இதற்கெல்லாம் முன்பே 1929இல் கடுமையான மூட்டுவாதம் வேறு. மேடையில் கையைத் தூக்கவே திண்டாடிய காலம். ஓய்வெடுத்திருக்க வேண்டிய மனுஷன்.

தாளக்கட்டை எழுதியது:

தினமும் பாடுனா தேயும், ஒத்துக்கறேன். ஆனா அந்த ஒன்ஸ்மோரை எப்படிப் பாடுவார்னு யோசிச்சீங்களா? முதல் தடவை முழுக் குரல். அடுத்த தடவை வேற மாதிரி, அதுக்கடுத்தது கிட்டத்தட்ட முணுமுணுப்பு. மூச்சை மட்டும் பிடிச்சிக்கிட்டு, தலைக்குரல்ல ஒரு இழையாக் கொண்டுபோய் நிறுத்துவார். அரங்கத்துல கடைசி வரிசை வரைக்கும் கேக்கும். ரெக்கார்டுலயே அந்த இடம் வந்தா நான் வால்யூமைக் கூட்டமாட்டேன், கிட்டப் போய் உக்காந்துக்குவேன். அந்த வித்தையை அவருக்கு யார் குடுத்தா? மொஸார்ட்தான். ‘இல் மியோ தெசோரோ’ல ஒரே ஸ்வரத்தை நீட்டிப் பிடிக்கணும், அப்புறம் பிருகா மாதிரி ஒரு நீளமான ஓட்டம், நடுவுல மூச்சு தெரியக்கூடாது. அதுல பழகுன மூச்சுதான் லெஹார்கிட்ட வேலை செய்யுது.

இன்னொண்ணு. ஒரு பாடகரோட தொண்டைக்கு அளவெடுத்து எழுதினா மட்டமா? ‘இல் மியோ தெசோரோ’ 1787ல பிராகுக்காக எழுதினது. அடுத்த வருஷம் வியன்னாவுல ஃப்ரான்செஸ்கோ மொரெல்லான்னு ஒரு டெனர். அவருக்காக மொஸார்ட் அதை எடுத்துட்டு ‘தல்லா சுவா பாச்சே’ன்னு புதுசா எழுதிக் குடுத்தார். மொரெல்லாவுக்கு மொஸார்ட் தச்ச சட்டை, டௌபருக்கு லெஹார் தச்ச சட்டை. தையல்காரர் மட்டும்தான் வேற.

ரெக்கார்டுபெட்டி எழுதியது:

நல்ல உதாரணம், ஆனால் எனக்குச் சாதகமானது. மொரெல்லாவுக்கு அந்த ஓட்டம் கஷ்டம் என்பதால் அது இல்லாத பாட்டாகக் கொடுத்தார். கொடுத்ததோ அரிதான பாட்டு. லெஹார் டௌபருக்குக் கொடுத்தது அவர் ஏற்கெனவே சுலபமாகச் செய்வதை மட்டும். அவருடைய மேல் ஸ்தாயி எப்போதுமே கொஞ்சம் இறுக்கம்தான், இனிப்பெல்லாம் நடுக்குரலில். லெஹார் அந்த இனிப்பு இடத்தைச் சுற்றியே வட்டம் போட்டார். ஒரே வட்டத்தை ஆறு நாடகத்தில் போட்டார். ஜெர்மன்காரர்கள் அதற்கு ‘டௌபர் பாட்டு’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். இரண்டாம் அங்கம் வந்தால் ஒரு டௌபர் பாட்டு வந்தாக வேண்டும், ஹீரோ அறிமுகப் பாட்டு மாதிரி.

ஒற்றைக் கண்ணாடி, தொப்பி, 700க்கு மேல் ரெக்கார்டு. லேசான மாறுகண்ணை மறைக்கப் போட்ட கண்ணாடியே முத்திரையாகிவிட்டது. சட்டை நன்றாகத்தான் இருந்தது தம்பி, வளர்வதற்கு மட்டும் அதில் இடமில்லை.

இரவுவானொலி எழுதியது:

வருஷங்களை ஒரே மூட்டையாகக் கட்டிவிடாமல் பிரித்துப் பார்ப்போம். 1933 வரை அவர் பாடியதெல்லாம் அவர் தேர்வு. அதற்காக அவரோடு சண்டை போடலாம். அதன் பிறகு? தந்தை வழியில் யூத மரபு. 1933இல் பெர்லினில் நாஜிகளின் பழுப்புச் சட்டைக்காரர்கள் அவரை அடித்தார்கள்; ஆஸ்திரியாவுக்குப் போனார். 1934 ஜனவரி 20இல் லெஹாரின் ‘ஜூடிட்டா’ வியன்னா ஸ்டேட் ஆபராவிலேயே அரங்கேறியது. யார்மிலா நோவோட்னா நாயகி, இவர் நாயகன். ‘ஆபரா பாடவில்லை’ என்று குறைப்பட்டவர்களின் வீட்டுக்கே ஆபரெட்டா குடிவந்த நாள் அது. 1938இல் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கியதும் அந்த வீடும் போயிற்று. அதே ஆண்டு லண்டன் கோவென்ட் கார்டன் ஆபரா அரங்கில் கண்டக்டர் பீச்சம் தலைமையில் முதல்முறையாகப் பாடினார். எந்தப் பாத்திரம்? டமினோ. 25 வருஷத்துக்கு முன் கெம்னிட்ஸில் தொடங்கியது எதுவோ அதே.

பிறகு போர். பிரிட்டன் முழுக்கச் சுற்றுப்பயணம், வானொலி, ஆர்கெஸ்ட்ராவுக்கு முன் கண்டக்டராக நிற்பது, 1943இல் ‘ஓல்ட் செல்ஸீ’ என்று சொந்தமாக இசையமைத்த ஆபரெட்டா. பிழைப்புக்குப் பிழைப்பு, இசைக்கு இசை. நாடில்லாத டெனரிடம் போய் “ஏன் வாக்னர் பாடவில்லை” என்று கேட்க எனக்கு வாய் வராது. அந்த ‘என் இதயம் முழுதும்’ பாட்டின் வரிகளை எழுதியவர்களில் ஒருவரான ஃப்ரிட்ஸ் லோனர்-பேடா 1942இல் ஆஷ்விட்ஸ் நாஜி வதைமுகாமில் கொல்லப்பட்டார் என்பதையும் ஒரு ஓரமாக வைத்துக்கொண்டு பேசுவோம்.

ரெக்கார்டுபெட்டி எழுதியது:

வைத்துக்கொள்கிறேன். ஆனால் ஹிட்லரைக் கொண்டுவந்து நிறுத்தி வாதத்தை முடிக்கக்கூடாது. 1933க்குப் பிந்தியதைப் பற்றி நான் எழுதியது அவசரம்; 42 வயது வரை, அதாவது 1934 வரை, என்று கணக்குக் காட்டியதில் கடைசி ஆண்டைத் திரும்பப் பெறுகிறேன். என் புகார் 1926 முதல் 1933 வரை. அந்த ஏழு வருஷத்துக்கு என்ன பதில்?

பஞ்சமம் எழுதியது:

பதில் எனக்கும் வேண்டும். இன்னொன்றையும் யாராவது சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்: கடைசியில் ஒற்றை நுரையீரலோடு ‘டான் ஜொவான்னி’ பாடினார் என்ற கதை. அதை வைத்துக் கண்ணீர் வரவழைக்காதீர்கள்.

இரவுவானொலி எழுதியது:

கண்ணீர் வேண்டாம், தேதி தருகிறேன். 1947 செப்டம்பரில் வியன்னா ஸ்டேட் ஆபரா குழு லண்டன் வந்தது. ஒட்டாவியோவாகப் பாட வந்தவர் ஆன்டன் டெர்மோட்டா; பழைய தோழருக்காகத் தன் ராத்திரிகளில் ஒன்றை விட்டுக்கொடுத்தார். செப்டம்பர் 27, டௌபர் கோவென்ட் கார்டனில் ஒட்டாவியோ பாடினார். இடது நுரையீரலில் புற்றுநோய். அதை எடுத்தது அடுத்த வாரம். எனவே அன்று உடம்பில் இரண்டும் இருந்தன, ஒன்று வேலை செய்யவில்லை என்பதுதான் சரி. 1948 ஜனவரி 8இல் இறந்தார், வயது 56. அந்த செப்டம்பர் ராத்திரிக்குப் பின் அவர் ஆபரா மேடை ஏறவே இல்லை.

தாளக்கட்டை எழுதியது:

பஞ்சமம், நீங்களே வாயைக் குடுத்துட்டீங்க. தினமும் பாடித் தேஞ்சு போன தொண்டைன்னு சொன்னீங்க. தேஞ்ச தொண்டை, அழுகுன நுரையீரல், அதோட ‘டான் ஜொவான்னி’ல மூச்சுக்கு மூச்சு கணக்குக் கேக்குற வேஷம். அந்த ராத்திரி வியன்னாக்காரங்க நடுவுல நின்னு பாடி முடிச்சார். லெஹார் அந்தக் குரலைத் தின்னுட்டார்னா இது எங்கேருந்து வந்தது?

பஞ்சமம் எழுதியது:

ஒரு ராத்திரி. நான் பேசுவது மீதி ராத்திரிகளைப் பற்றி.

ரெக்கார்டுபெட்டி எழுதியது:

என் பங்குக்கு: தாளக்கட்டை சொன்ன மூச்சுக் கணக்கைச் சோதிக்க இரண்டு பதிவையும் இன்று காலை மறுபடி போட்டேன். லெஹார் பாட்டில் கடைசியில் குரலைச் சுருக்கும் விதமும் மொஸார்ட்டில் அந்த நீண்ட ஸ்வரத்தைப் பிடிக்கும் விதமும் ஒரே கைதான். இத்தனை நாள் கவனிக்கவில்லை. அதனால் எரிச்சல் குறையவில்லை, கூடியிருக்கிறது. இவ்வளவு தெரிந்த மனுஷன் இன்னும் நாலு மொஸார்ட் முழுதாகப் பதிவு செய்திருக்கலாமே!

சும்மா_வந்தவன் எழுதியது:

நீங்கள் சொன்ன இரண்டும் கேட்டேன். இரண்டும் நன்றாக இருந்தன. ஆனால் தேடும்போது மூன்றாவதாக ஒன்று மாட்டியது: கோர்ன்கோல்டின் ‘இறந்த நகரம்’ ஆபராவிலிருந்து, லோட்டே லேமன் என்ற அம்மாவோடு டௌபர் பாடிய ஜோடிப் பாட்டு. பழைய பதிவு, கரகரவென்று இருக்கிறது. அந்த அம்மா பாடி நிறுத்தும் இடத்தில் இவர் எவ்வளவு மெதுவாக உள்ளே வருகிறார்! ஏழெட்டுத் தடவை கேட்டுவிட்டேன். இது ஆபராவா ஆபரெட்டாவா என்று எனக்குக் கேட்கவே தோன்றவில்லை.

ரெக்கார்டுபெட்டி எழுதியது:

ஆபராதான். 1924. கவனியுங்கள், ‘பகானினி’க்கு முந்தியது.

தாளக்கட்டை எழுதியது:

ஆரம்பிச்சிட்டார்யா மறுபடியும்.