மூடிய சின்ன இசை அரங்கத்தைத் திரும்பத் திறக்க முடியுமா?

கேள்வி:
நூற்றைம்பது பேர் நெருக்கி நின்றால் நிறைந்துவிடும் அரங்கம் அது. நான் முதன்முதலில் மேடை ஏறியது அங்கேதான், பாடுகிறவர் மூச்சு இழுப்பதுகூட கடைசி வரிசை வரைக்கும் கேட்கும். போன மாதம் மூடிவிட்டார்கள். கூட்டம் வராமல் இல்லை. பக்கத்தில் புதிதாக அடுக்குமாடி வந்தது, குடிவந்தவர்கள் சத்தம் சத்தம் என்று புகார் மேல் புகார் கொடுத்தார்கள், கடைசியில் கட்டடத்துக்காரர் குத்தகையைப் புதுப்பிக்க மாட்டேன் என்றுவிட்டார். நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்திருக்கிறோம், கையில் பெரிய பணம் இல்லை. இப்படி மூடிய இடம் எங்காவது திரும்பத் திறந்திருக்கிறதா?

பதில் 1:
படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. ஆனால் திறந்திருக்கிறது. மெல்பர்னில் 'தி டோட்' என்ற இடத்தை 2010 ஜனவரியில் மூடினார்கள். உரிமத்தில் போட்ட பாதுகாப்பு நிபந்தனைகளுக்கு ஆகும் செலவைத் தாங்க முடியவில்லை. அடுத்த மாதமே ஆயிரக்கணக்கானவர்கள் தெருவில் ஊர்வலம் போனார்கள், அதே வருடம் அது திரும்பத் திறந்தது. 2023-ல் மறுபடி விற்பனைக்கு வந்தபோது ரசிகர்களே 30 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் திரட்டிக் கொடுத்தார்கள். அதனால் உங்கள் அரங்கத்துக்கு வந்துபோனவர்களின் பெயரையும் எண்ணையும் இப்போதே சேகரித்து வையுங்கள். ஆறு மாதம் போனால் எல்லாரும் சிதறிவிடுவார்கள்.

பதில் 2:
ஊர்வலம் சரி, ஆனால் கட்டடம் யார் கையில் இருக்கிறது என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வி. நியூயார்க்கின் சிபிஜிபி 1973-ல் தொடங்கி எத்தனையோ இசைக்குழுக்களை வளர்த்துவிட்ட இடம், வாடகைத் தகராறில் 2006-ல் மூடியது, அவ்வளவு புகழ் இருந்தும் அதைக் காப்பாற்ற முடியவில்லை. பிரிட்டனில் 'மியூசிக் வென்யூ டிரஸ்ட்' அமைப்பு இதைச் சரியாகப் பிடித்தது என்று நினைக்கிறேன். பொதுமக்களுக்குச் சிறு பங்குகள் விற்று, அந்தப் பணத்தில் கட்டடத்தையே வாங்கி, அரங்கம் நடத்துகிறவர்களுக்கு நியாயமான வாடகைக்கு விடுகிறார்கள். 2023-ல் ஆதர்ட்டன் என்ற சிறு நகரத்தில் இருக்கும் 'தி ஸ்னக்'கைத்தான் முதலில் வாங்கினார்கள்.

பதில் 3:
சத்தம் பற்றி நான் சொல்கிறேன், ஒலி அமைப்பு வேலைதான் செய்கிறேன். சுவர் முழுக்க ஃபோம் ஒட்டிவிட்டால் போதும் என்று நிறையப் பேர் பணத்தைக் கரைக்கிறார்கள். ஃபோம் உள்ளே எதிரொலியைக் குறைக்கும், அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக்காரரைத் தூங்கவிடாமல் செய்வது பாஸ் (bass) என்கிற அடித்தொனி ஒலி, அதைத் தடுக்கக் கனமான சுவர் வேண்டும், மேடையும் ஸ்பீக்கரும் தரையை நேராகத் தொடாமல் ரப்பர் தாங்கிகள் மேல் இருக்க வேண்டும், கதவு இரட்டைக் கதவாக வேண்டும். இன்னொன்று, ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாகாணத்தில் 2014-லிருந்தும் இங்கிலாந்தில் 2018-லிருந்தும் திட்ட அனுமதி விதிகளில் ஒரு கொள்கை இருக்கிறது: ஏற்கெனவே இருக்கும் அரங்கத்துக்குப் பக்கத்தில் புதிதாக வீடு கட்டுகிறவர்தான் ஒலித்தடுப்புச் செலவை ஏற்க வேண்டும். உங்கள் இடத்தில் அப்படி விதி உண்டா என்று முதலில் விசாரியுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மூன்று பேருக்கும் நன்றி. பெயர்ப் பட்டியலை இன்றைக்கே தொடங்கிவிட்டோம், இதுவரை 62 பேர். கட்டடத்துக்காரர் விற்கிற எண்ணத்தில் இருக்கிறாரா என்று நாளை நேரில் போய்க் கேட்கப் போகிறேன்.