25 சென்ட்டில் மானுக்கு ஒரு மேய்ச்சல்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், கீழ்த் தீபகற்பத்தில், வீட்டுக்குப் பின்னால் நாலு ஏக்கர் புதர்க்காடு எனக்கு. 2019-இல் இந்தப் பக்கம் மானுக்குத் தீனி கொட்டி வேட்டையாடுவதற்குத் தடை வந்தது. மான் வந்து மேயட்டும் என்று பயிரை விதைத்து வளர்த்தால் தடையில்லை. அதனால் ஒரு மூலையில் கால் ஏக்கர், நம்மூர்க் கணக்கில் 25 சென்ட், ஒதுக்கினேன்.

முதல் வருஷம், பெரிய கொம்பு மான் படம் போட்ட விதைப்பையில் மயங்கிக் காசைக் கரைத்தேன். முளைத்ததெல்லாம் மஞ்சளாகி நின்றது. அப்புறம்தான் பல்கலைக்கழக விரிவாக்க மையத்துக்கு மண்ணை அனுப்பினேன். மண்ணின் புளிப்பைக் காட்டும் பிஎச் அளவு 5.4, அதாவது புளித்த மண். மான் விரும்பும் தீவனச்செடி குளோவருக்கு 6-க்கு மேல் வேண்டும். மணற்பாங்கான மண், மூட்டைக்கு 40 பவுண்டாக 15 மூட்டைச் சுண்ணாம்பு போட்டுச் சரிக்கட்டினேன். செலவில் பாதிக்கு மேல் அதுதான், ஆனால் போட்ட காசுக்குப் பலன் கொடுத்ததும் அதுதான்.

டிராக்டர் கிடையாது. ஆகஸ்ட் கடைசியில், மழைக்கு முந்தின நாள், 30 பவுண்டு ரை தானியத்தைக் கையால் வீசி, நின்ற புல்லை அதன் மேலேயே வெட்டிச் சாய்த்தேன். கடையில் 'ரை' என்று மட்டும் கேட்டால் ரைகிராஸை நீட்டிவிடுவார்கள். அது புல், பின்னால் களையாகி உயிரை வாங்கும். பையின் பின்னால் ஒட்டியிருக்கும் சீட்டைப் படித்து வாங்குங்கள். பிப்ரவரியில், இரவில் உறைந்து பகலில் இளகும் மண்ணில் 2 பவுண்டு வெள்ளைக் குளோவர் தூவினேன். வெடிப்புக்குள் விதை தானாக இறங்கிவிடும். மொத்தம் 150 டாலருக்குள் முடிந்தது.

மான் எவ்வளவு மேய்கிறது என்று ஒப்பிட, நடுவில் அது வாய் வைக்க முடியாதபடி ஒரு கம்பிவலைக் கூண்டு வைத்திருந்தேன். அக்டோபரில் கூண்டுக்குள் பயிர் ஒரு சாணுக்கு மேல். வெளியே, சவரம் செய்த கன்னம்.

ஊரில் கடலைக்காட்டில் பன்றிக்கு ராக்காவல் இருந்த அப்பா அப்போது இங்கே வந்திருந்தார். கூண்டைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ஏண்டா, அங்க நாங்க தகரத்தத் தட்டி வெரட்டுறோம், நீ வெத்தல பாக்கு வெச்சுக் கூப்புடுறியா?" என்றார்.

நவம்பர் 15, துப்பாக்கி சீசன் முதல் நாள். விடியலில் மூன்று பெட்டைகள் வந்து மேய்ந்தன. கொம்பு மான் கிழக்கு ஓரத்திலேயே நின்றது. இங்கே பெரும்பாலும் மேற்குக் காற்று, நான் உட்கார்ந்திருந்ததோ மேற்கில், என் வாடை நேராக அதன் மூக்குக்கு. ஒரே ஒரு சீறல், வெள்ளை வால் தூக்கிக்கொண்டு போய்விட்டது. மண்ணுக்குப் பரிசோதனை செய்தவன் காற்றைப் பார்க்கவில்லை.

*

உங்கள் மேய்ச்சல் கதையைப் படித்தேன். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்திலிருந்து எழுதுகிறேன், நானும் மானுக்கு விதைத்தவன்தான். எனக்கு மான் வரும் முன்பே வேறு விருந்தாளி. செப்டம்பர் முதல் வாரமே அவசரப்பட்டு ஓட்ஸ் விதைத்தேன். செம்மண்ணில் பச்சைப் பசேல் என்று எழுந்தது. ஒரு வாரம் கழித்துப் போனால் வெறும் தண்டுகள். குனிந்து பார்த்தேன், நெற்றியில் தலைகீழ் 'ஒய்' போட்ட புழு. 2018-இல் நம்மூர் மக்காச்சோளத்தில் புகுந்த அதே படைப்புழு! அக்டோபரில் குளிர் தட்டிய பிறகு அரை மூட்டைக் கோதுமை வாங்கி மறுபடி வீசினேன், தப்பியது. உங்கள் அப்பாவிடம் சொல்லுங்கள், புழுவுக்கே வெத்தல பாக்கு வைத்தவன் ஒருத்தன் இங்கே இருக்கிறான் என்று.