மலைத்தாரம்னா எந்த மலை?

தாண்டிக்குடியான்: நேத்து கொடைக்கானல்ல முசிறித் துறைமுகத்தைப் பத்தி பாட்டும் கதையுமா ஒரு நிகழ்ச்சி. "யவனர் கப்பல்ல ஏறுனதெல்லாம் சேரநாட்டு மிளகு"ன்னு ஒரே வரியில முடிச்சுட்டார் கதை சொன்னவர். வயிறு எரியுது. புறநானூறு 343ல பரணர் முசிறியைப் பாடும்போது மலைத்தாரம், கடல்தாரம்னு, அதாவது மலைப்பொருள், கடல்பொருள்னு ரெண்டும் சொல்றார். நம்ம கொடைக்கானல் இருக்குற பழனி மலைத்தொடர் மலையில்லையா?

செண்பகனூர் டீச்சர்: தம்பி, அந்தப் பாட்டுல மலை பேரே கிடையாது. முசிறி கேரளத்துப் பெரியாற்று முகத்துல இருந்த துறை. ஆத்தோட வந்தாலே மிளகுக்காடுதான். இங்கேருந்து எதுக்குச் சுமக்கணும்?

தாண்டிக்குடியான்: பேர் இல்லேன்னா சேரமலைன்னு மட்டும் எப்படி முடிவாச்சு? இதே மலையில எங்க ஊர் தாண்டிக்குடியில, பெருங்கற்காலக் கல்லறையில சூதுபவளம்ங்கிற செந்நிறக் கல்மணி எடுத்தாங்க. பழனி அடிவாரத்துல பொருந்தல்ல கண்ணாடி மணி. மணி மேல ஏறுன பாதையில மிளகு கீழ இறங்காதா?

கொடைக்குளிர்: எகிப்துல பெரனிகேங்கிற பழைய துறைமுகத்துக் கோயில்ல ஒரு ஜாடி நிறைய மிளகு கெடைச்சுது, 7.5 கிலோ. அதுல தாண்டிக்குடின்னு எழுதியிருந்துச்சாண்ணே?

தாண்டிக்குடியான்: முசிறி இருந்ததா நீங்க சொல்ற கொடுங்கல்லூர்னு எழுதியிருந்துச்சா? நான் கேட்டது மலைத்தாரம். எந்த மலை?

பண்ணைக்காடு பேரன்: மிளகை விடுங்க. கீபோர்டுல அலைச்சத்தம் அரைமணி நேரம், நம்ம மலைப் பழங்குடி பளியர் பாட்டுக்கு அஞ்சு நிமிஷம். தேனும் கிழங்கும் மலையிலிருந்து இறக்குறவங்களுக்கு மைக் கூடக் கொடுக்கல.

செண்பகனூர் டீச்சர்: மைக் ரிப்பேர். நான் முன்வரிசையில இருந்தேன்.

பண்ணைக்காடு பேரன்: கீபோர்டுக்கு மட்டும் ரிப்பேர் ஆகலையே டீச்சர்.

தாண்டிக்குடியான்: பேச்சை மாத்தாதீங்க. எங்க அப்பத்தா காப்பித்தோட்டத்துல நிழல் மரத்துல ஏத்துன கொடியில மிளகு பறிச்சு, காலால மிதிச்சு உதிர்த்து, பாயில காய வைக்கும். மூணு நாள் வெயில்ல பச்சை கருத்துச் சுருங்கும். அந்த வாசனை தெரியாதவங்கதான் மலைத்தாரத்துக்கு எல்லை போடறீங்க.

கொடைக்குளிர்: காப்பியே ஆங்கிலேயன் காலத்துத் தோட்டம்ணே. அப்பத்தா பாய் சங்ககாலச் சாட்சியா?

செண்பகனூர் டீச்சர்: கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019ல புவிசார் குறியீடு வந்தப்பவும் இவர் இதே பாட்டுதான். முசிறி பாப்பிரஸ்னு முசிறி வணிகத்தைப் பத்தின பழைய கிரேக்க ஏடு வியன்னாவுல இருக்கே, அதுல மிஞ்சின பகுதியில தந்தம், சடாமாஞ்சிங்கிற வாசனைப் பொருள் வருது. மிளகு வரல.

தாண்டிக்குடியான்: தந்தமா! யானை கடல்லயா மேஞ்சுது? அதுவும் மலைத்தாரம்தான். பூண்டை எதுக்கு இழுக்கறீங்க? எந்த மலைன்னு சொல்லிட்டுப் போங்க டீச்சர்.